முன்பள்ளிப் பிள்ளைக்கு ஊர் எப்படிப் பாடமாகும்?

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் முன்பள்ளி ஒன்றில் படிப்பிக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார்: “என்னிடம் 22 பிள்ளைகள், மூன்றரை வயதிலிருந்து ஐந்து வயது வரை. இடம்சார் கற்றலைச் செய்யுங்கோ என்று பயிற்சியில் சொல்லி அனுப்பினார்கள். எங்காவது கூட்டிக்கொண்டு போகக் காசில்லை. பெற்றோருக்கோ எழுத்துத்தான் வேணும். எதிலிருந்து தொடங்குவது?”

தங்கச்சி, உங்கள் படலைக்கு உள்ளே இருந்தே தொடங்குங்கள். பஸ் பிடிக்க வேண்டாம். இடம்சார் கற்றல் என்பது பிள்ளை வாழும் இடத்தையே பாடமாக்குவது. ஆனால் அந்தப் பெயரைக் கேட்டவுடன் எல்லோருக்கும் பயணம்தான் நினைவுக்கு வருகிறது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன். நான் முன்பு படிப்பித்த முன்பள்ளியில் நாற்பது பிள்ளைகளை ஒரே நாளில் நிலாவரை, கீரிமலை, கசூரினா என்று மூன்று இடத்திலும் ஏற்றி இறக்கினோம். அடுத்த நாள் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், ஒரு பிள்ளை பஸ்ஸில் சத்தி எடுத்ததைச் சொன்னது, இன்னொன்று ஐஸ்கிறீம் என்றது. நிலாவரைக் கிணறு ஒரு பிள்ளையின் வாயிலும் வரவில்லை. பிழை பிள்ளைகளில் இல்லை. முன்பின் தெரியாத இடத்தில் அரை மணித்தியாலம் நின்ற நாலு வயதுப் பிள்ளைக்கு அந்த இடம் வெயிலும் சனமும் மட்டும்தான்.

சின்னப் பிள்ளைக்கு ஓர் இடம் பிடிபடுவது திரும்பத் திரும்ப அங்கே போவதால். போன கிழமை பச்சையாக இருந்தது இப்போது பழுத்திருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால், போன கிழமையும் அந்தப் பிள்ளை அதே மரத்தடியில் நின்றிருக்க வேண்டும். ஒப்பிடுவது, காரணம் தேடுவது, இனி என்ன நடக்கும் என்று ஊகிப்பது எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன. ஆகவே ஒரு மூலையைத் தெரிவு செய்து வருடம் முழுக்க அதை விடாதீர்கள். வேலியோரமோ கிணற்றடியோ ஒற்றைப் பனையோ, எதுவானாலும் சரி.

இப்போது ஆவணி, பனம்பழம் விழுகிற காலம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் பனையை விட்டு வேறெதிலும் கை வைக்க மாட்டேன். பிள்ளை ஆளுக்கொரு பழம் என்று 22 பழம் பொறுக்கட்டும். காலையில் பனையடிக்குப் போனால் போதும், பழம் தானாக விழுந்து கிடக்கும். மணத்திலேயே பாடம் தொடங்கிவிடும். பழத்தைப் பிசைந்து களியெடுத்தால் உள்ளே கொட்டை. ஒரு பழத்தில் பெரும்பாலும் மூன்று, சிலதில் இரண்டு, அபூர்வமாக ஒன்று. எத்தனை கொட்டை இருக்கும் என்று பிசைவதற்கு முன் ஒவ்வொருவரையும் கேளுங்கள், பிறகு பார்க்கட்டும். ஒன்று, இரண்டு, மூன்று என மூன்று குவியலாகப் பிரித்து வைத்தால் எந்தக் குவியல் பெரியது என்பதைப் பிள்ளைகளே சொல்வார்கள். கொப்பியில் “3” எழுதிக் காட்டியதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை அடுத்த கிழமை நீங்களே காண்பீர்கள்.

கொட்டைகளைக் காயவிட்டு, மழை தொடங்கும் புரட்டாசிக் கடைசியில் அல்லது ஐப்பசியில் பனங்கிழங்குக்குப் பாத்தி போடுங்கள். உங்கள் பக்கம் செம்மண் என்றால் மணல் கலந்து இளக்க வேண்டும், இறுகிய மண்ணில் கிழங்கு நேராக இறங்காது. பாத்தியை நிலத்தை விட உயர்த்திக் கட்டி, கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மேலே மெல்லிய மண் போட்டால் சரி. எப்படி அடுக்குவது என்பதை நீங்கள் காட்ட வேண்டாம். பிள்ளை ஒன்றின் அப்பப்பாவையோ பக்கத்து வீட்டு ஐயாவையோ கூப்பிடுங்கள். அவருக்குப் பாத்தி தெரியும், உங்களுக்குப் பிள்ளைகளைத் தெரியும். இரண்டும் சேர வேண்டும்.

பயறும் கடலையும் ஈரப் பஞ்சில் முளைக்க வைத்து முளை மேலே வருவதைக் காட்டுகிறோம் அல்லவா? பனங்கொட்டையில் முளை முதலில் மேலே வராது, மண்ணுக்குள் கீழே இறங்கும். அப்படி இறங்கியதன் அடியில்தான் கிழங்கு திரள்கிறது. பிள்ளைகள் மேலே பார்த்துக்கொண்டு காத்திருப்பார்கள், ஒன்றும் வராது. “ரீச்சர், கொட்டை செத்துப் போச்சோ?” என்று கேட்பார்கள். உடனே விடை சொல்லாதீர்கள். ஒரு கிழமை அந்தக் கேள்வி வகுப்பில் உலாவட்டும், ஆளுக்கொரு காரணம் சொல்லட்டும். பிறகு ஒரு கொட்டையை மெல்லத் தோண்டிப் பாருங்கள். கீழே வெள்ளையாக நீண்டிருப்பதைக் கண்டதும் அவர்கள் போடும் சத்தம் இருக்கிறதே, அதற்காகத்தான் இந்தத் தொழிலில் இருக்கிறோம். இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஒன்றைத் தோண்டி, ஓலை ஈர்க்கால் அளந்து, அதே நீளத்துக்கு ஈர்க்கை முறித்து மட்டையில் ஒட்டுங்கள். முளைவிட்ட கொட்டையை நீங்கள் வெட்டிக் கொடுத்தால் உள்ளே பூரான் என்று நாம் சொல்லும் வெள்ளைப் பஞ்சு போன்ற பருப்பு இருக்கும். அதைச் சாப்பிட்ட பிள்ளை வாழ்நாளில் மறக்காது.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது, யோசித்து வையுங்கள். கிழங்கு தை, மாசியில்தான் பிடுங்கும் பருவத்துக்கு வரும். நம் பாடசாலை ஆண்டு வழக்கமாக ஜனவரியில் தொடங்குவதால், பாத்தி போட்ட பெரிய பிள்ளைகள் அப்போது தரம் 1இற்குப் போயிருப்பார்கள். இதனால் பாத்தியே வேண்டாம் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். நான் எதிர்மாறாகச் சொல்வேன். மார்கழியில் பெரிய பிள்ளைகள் பாத்தியைச் சின்னப் பிள்ளைகளிடம் முறையாக ஒப்படைக்கட்டும்: “இது எங்கட பாத்தி, மழை இல்லாட்டி நீங்கள் தண்ணி விட வேணும்” என்று வாயால் சொல்லட்டும். மாசியில் ஒரு பின்னேரம் அவர்களை வெள்ளைச் சீருடையோடு திரும்பக் கூப்பிட்டு எல்லோருமாகப் பிடுங்குங்கள். அவித்துத் தும்பு உரித்துச் சாப்பிடலாம், மிச்சத்தைப் புழுக்கொடியலாகக் காயப் போடலாம். ஒன்றைத் தொடங்கிவிட்டுப் போனால் இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கையை ஐந்து வயதில் வேறு எந்தச் செயற்பாடு கொடுக்கும்?

பனை பற்றி நிறையச் சொல்லிவிட்டேன். கிணற்றுக்கு வருகிறேன். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறும் மழைக்குத்தான் ஓடும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளால் இறங்கி, கீழே உள்ள உப்புநீரின் மேல் நன்னீராக மிதக்கிறது. அந்த நீரைத்தான் இறைக்கிறோம். அளவுக்கு மேல் இறைத்தால் உவர் ஏறும். நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பது இதற்கு நல்ல சாட்சி. இவ்வளவும் நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டியவை, பிள்ளைக்குச் சொல்ல வேண்டியவை அல்ல.

பிள்ளைக்கு ஒரு கயிறு போதும். மாதத்துக்கு ஒருமுறை, பெரியவர் ஒருவர் கிணற்றுக் கட்டில் நின்று கல் கட்டிய நூலை இறக்கி, கல் தண்ணீரைத் தொட்டதும் கட்டின் விளிம்போடு முடிச்சுப் போட்டு எடுக்கட்டும். முடிச்சிலிருந்து கல் வரையுள்ள நூலை வெட்டி வகுப்புச் சுவரில் தொங்கவிடுங்கள். எல்லா நூலின் மேல்நுனியும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். சிலர் நிலத்திலிருந்து மேல்நோக்கி ஒட்டுகிறார்கள், அப்படிச் செய்தால் பிள்ளை குழம்பும். நூல் கட்டையானால் தண்ணீர் கூட என்பது நாலு வயதுக்குத் தலைகீழான கணக்கு. மேலிருந்து தொங்கவிட்டால் கிணறே சுவரில் இருப்பது போலத் தெரியும், நூலின் கீழ்நுனிதான் தண்ணீர். புரட்டாசி நூல் நீண்டு தொங்கும், மார்கழி நூல் மேலே ஏறி நிற்கும். “தண்ணி மேல வந்திட்டுது” என்று பிள்ளை சொல்லும்போது அது ஒரு வரைபை வாசிக்கிறது.

மண்ணுக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டு வளவு மண் ஒரு சிரட்டை கொண்டு வரட்டும். ஒரே வகுப்பில் செம்மண், சாம்பல் மண், கடற்கரைப் பக்கத்து வெள்ளை மணல் எல்லாம் வந்து சேரும். தண்ணீர் விட்டு எது உருண்டை பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்று பார்க்கட்டும். மழை நாட்களில் முதல் மழைக்கு வரும் சிவப்புத் தம்பளப்பூச்சியைத் தொடாமல் குந்தியிருந்து பார்க்க விடுங்கள். காற்றையும் மறக்க வேண்டாம். சோளகமும் வாடையும் எந்தப் பக்கத்திலிருந்து வருகின்றன என்பதைக் கொடியில் கட்டிய ஒரு துணித்துண்டு காட்டிவிடும். தையில் பட்டம் ஏறும்போது அந்தத் துண்டை வைத்தே எந்தப் பக்கம் நின்று ஏற்றுவது என்று பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள்.

நூலும் கயிறும் சொன்னதால் ஒரு வெளிநாட்டுச் செய்தி. நியூசிலாந்து 1996இல் தன் முன்பள்ளிக் கலைத்திட்டத்துக்கு ‘தே ஃபாரிகி’ என்று பெயர் வைத்தது. மாவோரி மொழியில் அது நெய்த பாயைக் குறிக்கும். பிள்ளை நிற்பதற்கு ஒரு பாய், அதை அந்த அந்த ஊர் தன் இழைகளால் பின்னிக்கொள்ளலாம் என்பது அதன் கருத்து. பிள்ளையின் நலம், இது என் இடம் என்ற உணர்வு, பங்களிப்பு, தொடர்பாடல், தேடியறிதல் என்ற ஐந்தும் அந்தப் பாயின் இழைகள். 2017இல் அதைத் திருத்தினார்கள், பாயை விடவில்லை. இதைப் படித்த நாளில் எனக்கு வந்த எண்ணம் ஒன்றுதான்: பாய் பின்னத் தெரிந்த ஆச்சிமார் நம் ஒழுங்கைகளில் இன்னும் இருக்கிறார்கள், நாம் பிள்ளைகளுக்குப் பிளாஸ்டிக் பாய் விரிக்கிறோம்.

ஆகவே ஆச்சியைக் கூப்பிடுங்கள். ஆனால் கவனமாகக் கூப்பிடுங்கள். இதைப் பேசாமல் யாழ்ப்பாணத்தில் இடம்சார் கற்றல் பற்றிப் பேசுவது நேர்மையாகாது என்பது என் எண்ணம். ஓலை வேலை, கள் இறக்கும் சீவல் தொழில், கடற்றொழில், மண்பாண்டம் என்று நம் ஊரின் ஒவ்வொரு அறிவுக்கும் பின்னால் சாதி நிற்கிறது. கடகம் பின்னும் அம்மாவை வரவழைத்துவிட்டு வாசலில் சாக்கில் இருத்தினால், பிள்ளைகள் பின்னலைக் கற்பதற்கு முன் அந்த வாசலைக் கற்றுக்கொள்வார்கள். அவருக்கு ரீச்சரின் கதிரை கொடுங்கள். பிள்ளைகள் எழும்பி வணக்கம் சொல்லட்டும். ரீச்சருக்குக் கொடுக்கும் அதே கோப்பையில் தேத்தண்ணி கொடுங்கள். வந்து போன செலவுக்குக் காசும் கொடுங்கள். அறிவைக் கேட்டு வாங்குகிறோம், சும்மா வாங்கக் கூடாது. யாரோ ஒரு பெற்றோர் முகம் சுளிக்கலாம். சுளித்தால் அமைதியாக, விட்டுக்கொடுக்காமல் பதில் சொல்லுங்கள். குருநகரிலோ பாசையூரிலோ படிப்பிக்கும் ரீச்சருக்கு வலை பின்னும் அப்பாமார் இருக்கிறார்கள், மீனின் பெயரை ஐம்பது வரை சொல்லக்கூடிய அம்மம்மாமார் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளிடம் உங்கள் பிள்ளைகளின் ஓலைப் பின்னலைக் கொடுத்து அனுப்பினால், அவர்கள் சிப்பி கொடுத்து அனுப்புவார்கள். பயணம் போகாமலே கடல் வரும்.

‘உன்ர ஊர் எது?’ என்ற கேள்வியையும் யோசித்துக் கேளுங்கள். சண்டையால் வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் இடம்பெயர்ந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருக்கலாம். அதே ஆண்டு வெளியேற்றப்பட்டு நீண்ட காலம் கழித்துத் திரும்பிய முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் இருக்கலாம். 1995 ஒக்டோபரில் ஒரே இரவில் வலிகாமமே இடம்பெயர்ந்து நடந்த கதை அநேகமாக எல்லா வீட்டிலும் இருக்கிறது. வாடகை வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு ‘எங்கட ஊர்’ என்பது அம்மம்மாவின் கண்ணீராகவும் இருக்கலாம். நாலு வயதில் இடம் என்பது இன்று கால் மிதிக்கும் நிலம். “நீ எந்த மரத்துக்குக் கீழ விளையாடுவாய்?” என்று கேளுங்கள், எந்தப் பிள்ளையாலும் பதில் சொல்ல முடியும். அம்மம்மா வந்து பழைய ஊரைச் சொல்ல விரும்பினால், அதற்கும் இடம் வையுங்கள்.

இதோடு சேர்த்து இன்னொன்று. கிணற்று நீர் கெட்டுப்போவதையும் பனை தறிக்கப்படுவதையும் கடல் கரையை அரிப்பதையும் இந்த வயதில் பாடமாக்காதீர்கள். அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் சோபெல் 1990களில் இதை அழுத்திச் சொன்னார்: நேசிக்கக் காலம் கொடுக்காமல் அழிவைச் சொன்னால் பிள்ளை இயற்கையிலிருந்து விலகும். என் அனுபவமும் அதுதான். ஒரு முறை ‘தண்ணீரைச் சேமிப்போம்’ என்று படம் காட்டிவிட்டு, கைகழுவப் பயந்து நின்ற பிள்ளையைப் பார்த்திருக்கிறேன்.

இனிப் பெற்றோர். அவர்களில் குறை காண மாட்டேன். தரம் 5 புலமைப்பரிசில் என்ற ஒன்று தூரத்தில் நின்று மூன்று வயதுப் பிள்ளையின் வீட்டுக்குள்ளும் நிழல் போடுகிறது. ‘பக்கத்து முன்பள்ளியில பிள்ளை பெயர் எழுதுது’ என்று கேட்டால் எந்தத் தாய்க்கும் நெஞ்சு அடிக்கும். ஆகவே எழுத்து வேண்டாம் என்று சொல்லாதீர்கள், எழுத்து எங்கிருந்து வருகிறது என்று காட்டுங்கள்.

தமிழ் எழுத்து வளைவும் சுழியும் நிறைந்தது. ‘இ’யும் ‘ஞ’வும் ‘ழ’வும் எழுத விரல்நுனியிலும் மணிக்கட்டிலும் பலமும் பிடிமானமும் வேண்டும். மூன்றரை வயதுக் கையில் பென்சிலைத் திணித்தால் பிள்ளை முழங்கையிலிருந்து எழுதும், கொஞ்ச நேரத்தில் கை நோகும், பிறகு எழுத்தே வெறுக்கும். ஈர்க்குக் கிழிப்பதும் குருத்தோலை மடித்துக் கிளி செய்வதும் மண் பிசைவதும் கொக்கான் கல்லை எறிந்து பிடிப்பதும் அந்த விரல்களைத் தயாராக்குகின்றன. நம் முன்னோர் ஏடு தொடக்கும்போது பச்சரிசியில் விரலால் எழுதுவித்தார்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுதுவித்தார்கள். விஜயதசமிக்கு முதல் நாள் பெற்றோருக்குச் சொல்லிவிட்டு, அந்த மணல் தட்டை வருடம் முழுக்க வகுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அதை யாரும் எதிர்க்க மாட்டார்கள்.

அடுத்தது, பிள்ளை சொல்வதை எழுதி வாசித்துக் காட்டுவது. பாத்தியைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளை “கொட்டைக்குக் கால் முளைச்சிட்டுது” என்றால், அதை அப்படியே பெரிய எழுத்தில் எழுதுங்கள். “முளை தோன்றியுள்ளது” என்று திருத்த வேண்டாம். விரல் வைத்து வாசித்துக் காட்டுங்கள். தன் வாயிலிருந்து வந்தது தாளில் நிற்கிறது, ரீச்சர் பார்த்தால் அதே சொல் திரும்பி வருகிறது என்பது பிடிபட்ட அன்றுதான் பிள்ளைக்கு எழுத்து என்றால் என்ன என்று விளங்குகிறது. அதன் பிறகு ‘கொ’ எது என்று அதுவே கேட்கும். சுவர் அட்டையில் ‘அ’வுக்கு அப்பிள் இருக்கிறது. எங்கள் பிள்ளை அன்றாடம் காண்பது அணிலை. ‘ஓ’வுக்கு ஓலை, ‘ப’வுக்குப் படலை, ‘சு’வுக்குச் சுளகு என்று அவர்கள் தொட்ட பொருளையே கட்டித் தொங்கவிடுங்கள். இந்த வாக்கியத் தாள்களை மாதத்துக்கு ஒருமுறை பெற்றோருக்கு வாசிக்கக் கொடுங்கள். தன் பிள்ளை இப்படிப் பேசுகிறது என்று கண்ட தாய் கொப்பி கேட்டு வருவது குறையும். தரம் 1இலேயே ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ என்று ஒரு பாடம் இருக்கிறது என்பதையும் கூட்டத்தில் சொல்லி வையுங்கள். சிலருக்கு அது மட்டுமே போதுமாக இருக்கும்.

பாதுகாப்பில் மட்டும் இளக்கம் வேண்டாம். கட்டும் வலையும் இல்லாத கிணற்றுப் பக்கம் போகவே கூடாது. கட்டு இருந்தாலும் எட்டிப் பார்க்கத் தூக்கிப் பிடிக்காதீர்கள், நூலை மட்டும் காட்டுங்கள். பனையடிக்குப் போவது காற்றில்லாத காலையில், நீங்கள் முதலில் மேலே பார்த்த பிறகு. காவோலையும் பழமும் தலையில் விழும். மட்டையின் கருக்கு கையை அறுக்கும், அதைப் பெரியவர் சீவிய பிறகே பிள்ளை கையில் கொடுங்கள். விதை பொறுக்கும் விளையாட்டில் குண்டுமணி, ஆமணக்கு, அலரிக்கொட்டை, ஊமத்தை வரக் கூடாது. நாலும் நஞ்சு. கார்த்திகைப் பூவின் அழகைத் தூர நின்று பார்க்கலாம், அதன் கிழங்கு கடும் நஞ்சு. எருக்கம்பால் கண்ணில் படக் கூடாது. பாழ்வளவுக்குள் போக வேண்டாம், தூர்ந்த கிணறும் பாம்பும் இருக்கும். சண்டை நடந்த இடங்களில் அடையாளம் தெரியாத இரும்பைக் கண்டால் தொடாமல் ரீச்சரிடம் ஓடி வர வேண்டும் என்பதைப் பாட்டாகவே பழக்குங்கள். சிரட்டைகளில் தண்ணீர் நிற்க விடாதீர்கள், மாரியில் டெங்கு வரும்.

படலைக்கு வெளியே போவதை மூன்றாம் மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் நடந்து போகும் தூரம் மட்டும்: ஒழுங்கை முடிவு, சந்தியில் இருக்கிற சுமைதாங்கி, மாடுகள் உரசுவதற்கு நட்ட ஆவுரஞ்சிக்கல், கோயில் கேணி, மரக்கறிச் சந்தை. ஒரு நடையில் ஓரிடம். அடுத்த மாதம் அதே இடத்துக்கு மறுபடியும். ஆவுரஞ்சிக்கல்லைத் தொட்டுப் பார்த்து, ஏன் இவ்வளவு வழவழப்பு என்று கேட்கும் பிள்ளையிடம், எத்தனை மாடு உரசியிருக்கும் என்று திருப்பிக் கேளுங்கள்.

22 பிள்ளைகளுக்கு நீங்கள் ஒருத்தி என்றால் எல்லாவற்றையும் தொடங்காதீர்கள். இந்த வருடம் பாத்தியும் நூலும் போதும். நாளை காலை இரண்டு அம்மாமாரைக் கூட வரச் சொல்லி, ஆளுக்கொரு பையோடு பனையடிக்குப் போங்கள். பழம் இப்போதே விழுகிறது, புரட்டாசி கழிந்தால் அடுத்த ஆவணி வரை காத்திருக்க வேண்டும்.